கைப்பிடி நடுவில் இருக்கிறதா?

மலைக்குள் ஆயிரத்து இருநூறு மீட்டர் சென்றதும் அந்தச் சுரங்கம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் பாறை. பாறைக்கு முன்னால், இரண்டு தண்டவாளங்களின் மேல், ஓர் எந்திரம் நின்றது.

கல் வாரும் எந்திரம். ஆட்கள் அதை லோடர் என்றார்கள். வெடி வைத்துப் பாறையைத் தகர்த்தபின், புகை அடங்கியதும், அது ஊர்ந்து முன்னே போகும். வாளியைக் கற்குவியலுக்குள் குத்தும். நிறைந்த வாளியைச் சங்கிலி இழுக்க, தன் தலைக்கு மேலாகத் தூக்கிப் பின்புறம் வீசும். பின்னால் பூட்டியிருக்கும் இரும்புத் தொட்டியில் கற்கள் விழும். ஓட்டுபவர் பக்கவாட்டுப் படியில் நின்றுகொண்டு கைப்பிடியை அசைத்தால் போதும்.

அது எண்ணெயால் ஓடவில்லை, மின்சாரத்தாலும் ஓடவில்லை. காற்றால் ஓடியது. சுரங்க வாயிலில் காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரிலிருந்து, சுவரோரக் குழாய் வழியே காற்று உள்ளே வந்தது. குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது கசிவு உண்டு. காலையில் வெளியே குழாயை மெல்லத் திறப்பார்கள். உள்ளே நிற்பவர்களுக்குத் தொலைவில் முதலில் ஒரு சீறல் கேட்கும். பிறகு சற்று அருகில் இன்னொன்று. பிறகு இன்னும் அருகில். மூச்சு வாங்கியபடி ஒருவர் நடந்து வருவது போலவே இருக்கும்.

அப்படிக் காற்று நடந்து வந்துகொண்டிருந்த ஒரு காலையில், மாசிலாமணி கேட்டார்.

"இதை ஓட்டுறது யாரு, மேஸ்திரி?"

"காத்து" என்றார் சவரிராயன்.

"அது தெரியும். நான் கேக்குறது வேற."

"வேற எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. பார்ப்போம்."

இருவரும் பார்த்தார்கள். படியில் ஒருவரும் இல்லை. சீறல் கடைசி இணைப்பை அடைந்தது. சங்கிலி இறுகியது. வாளி தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, அங்கேயே நின்று நடுங்கி, மெதுவாகத் தணிந்தது.

பின்னால் ஆறு பேர் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள்.

"காத்துல ஓடுற மெஷின்ல காத்து ஏறாம காக்காயா வந்து ஏறும்?" என்றார் தண்டவாளம் பதிக்கும் கோட்டைச்சாமி.

ஒருவரும் சிரிக்கவில்லை.

*

மூன்று மாதங்களுக்கு முன், இதே இடத்தில், லோடரை ஓட்டிய துரைக்கண்ணு இறந்துபோனார்.

அன்று கம்ப்ரசரின் பெல்ட் அறுந்து காற்று நின்றிருந்தது. துரைக்கண்ணு இறங்கி, எந்திரத்துக்கு முன்னால் போய், வாளிக்கும் அதன் கைகளுக்கும் இடையில் சிக்கியிருந்த ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பினார். காற்று திரும்பி வந்தது. வாளி எழுந்தது. அவர் அதன்மேல் குனிந்திருந்தார்.

லோடரின் கைப்பிடிக்கு மூன்று நிலைகள் உண்டு. மேலே இழுத்தால் வாளி ஏறும். கீழே தள்ளினால் இறங்கும். நடுவில் இருந்தால் ஒன்றும் நடக்காது. கையை எடுத்தால் கைப்பிடி தானாகவே நடுவுக்குத் திரும்ப வேண்டும். அதற்கென உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. அந்த எந்திரத்தின் சுருள்வில் தளர்ந்திருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இறங்குபவர் தம் கையாலேயே கைப்பிடியை நடுவில் வைத்துவிட்டு இறங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

துரைக்கண்ணு நடுவில் வைக்க மறந்துவிட்டார் என்று பொறியாளர் எழுதினார். அறிக்கையில் நான்கே வரிகள். ஊரிலிருந்து வந்த உறவினர்களும் 'மறதி' என்றே சொல்லிவிட்டுப் போனார்கள்.

துரைக்கண்ணு மறக்கவில்லை என்பது மாசிலாமணிக்கு மட்டும் தெரியும்.

மாசிலாமணி கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இருபத்தாறு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். கண்பார்வை குறைந்து உரிமம் போனபின், ஐம்பத்து மூன்று வயதில், சுரங்கத்தில் காற்றுக்குழாய் இழுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அன்று துரைக்கண்ணு கைப்பிடியை நடுவில் வைத்துவிட்டு இறங்கியதை அவர் பார்த்தார். காற்று இல்லை, எந்திரம் ஊமையாக நின்றது. படி காலியாக இருந்தது. மாசிலாமணி ஏறினார். கைப்பிடியைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. இறங்கிக் குழாய் இருந்த இடத்துக்குத் திரும்பிவிட்டார்.

விசாரணையில், "நான் முப்பதடி தள்ளிக் குழாய்ப் பக்கம் நின்னேன். ஒண்ணும் பார்க்கல" என்றார்.

சொன்னால் வேலை போகும். சிறைக்கும் போக நேரலாம். சொல்லாவிட்டால், இறந்தவர் மறதிக்காரராகவே இருப்பார். மூன்று மாதங்களாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் உண்டார், உறங்கினார்.

துரைக்கண்ணுக்குப் பிறகு லோடரில் ஏற ஒருவரும் முன்வரவில்லை. மலையின் மறுபக்கச் சுரங்கத்திலிருந்து சவரிராயனை வரவழைத்தார்கள். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். வயது நாற்பத்து மூன்று. லோடர் ஓட்டுவதில் அவருக்கு இணையில்லை என்று பெயர். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள யாருக்கு விருப்பம் என்று பொறியாளர் கேட்டபோது, மாசிலாமணி மட்டும் கையைத் தூக்கினார். தம் கை ஏன் மேலே போயிற்று என்பது அவருக்கே விளங்கவில்லை.

"குரு சீடரை அண்ணாச்சிங்கிறாரு. சீடர் குருவை மேஸ்திரிங்கிறாரு. யாரு யார் கால்ல விழுறதுன்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்கப்பா" என்றார் கோட்டைச்சாமி.

*

துரைக்கண்ணுவின் மனைவி தையல்நாயகி, சுரங்க வாயிலை அடுத்த கொட்டகையில் ஆட்களுக்குச் சமைத்தாள். கணவன் இருந்தபோதும் அதே வேலை. இறந்தபின்னும் அதே வேலை.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. வேலை முடிந்து வெளியே வருகிறவர்கள் தட்டை நீட்டினால், அவள் உடனே சோறு போடுவதில்லை. ஒவ்வொருவரையும் கேட்பாள்.

"கைப்பிடி நடுவுல இருக்கா?"

"இருக்கு" என்று சொன்னால்தான் கரண்டி இறங்கும்.

"லோடர் பக்கமே போகாதவன் நான். என்னை எதுக்குக் கேக்குற?" என்று ஒருமுறை கோட்டைச்சாமி சலித்துக்கொண்டார்.

"போகாதவனுக்கும் கை இருக்குல்ல?" என்றாள் அவள்.

வேறொரு நாள், யாரும் கேட்காமலே, அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டைப் பூட்டுனா பூட்டை மூணு தரம் இழுத்துப் பார்க்குற மனுஷன். அவரு எப்படி மறந்தாரு? அதுதான் எனக்குப் பிடிபடல."

மாசிலாமணியின் முறை வரும்போது, அவர் தட்டைப் பார்த்தபடியே, "இருக்கு தாயி" என்பார். தொண்ணூறு நாட்களுக்கு மேலாக அப்படிச் சொல்லியிருந்தார்.

*

வாளி தானாக எழும்பிய அன்றே சவரிராயன் எந்திரத்தின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். தளர்ந்த சுருள்வில்லை வெளியே எடுத்து, விரல்களுக்கிடையில் அழுத்திப் பார்த்தார்.

"சங்கிலி எடையில கைப்பிடி மேலே நழுவுது. காத்து வந்ததும் பக்கெட் எழும்புது. பழசாகிப்போன வில்லு. அவ்வளவுதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

புதிய சுருள்வில்லைப் பொருத்தினார்.

மறுநாள் காலை காற்று நடந்து வந்தது. ஆறு பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். வாளி அசையவில்லை. கோட்டைச்சாமி கையைத் தட்டினார். அனைவரும் தத்தம் வேலைக்குக் கலைந்து போனார்கள்.

மாசிலாமணி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்ன அண்ணாச்சி?"

"எழும்புச்சே மேஸ்திரி. நீங்க பார்க்கலையா?"

சவரிராயன் எந்திரத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"நாளைக்குப் பார்ப்போம்."

அடுத்த நாள் காற்று வருவதற்கு முன்பே, சவரிராயன் குழாயை எந்திரத்திலிருந்து கழற்றி, அதன் வாயை அடைத்து, பத்தடி தள்ளிச் சுவரில் மாட்டினார். இப்போது காற்றுக்கும் எந்திரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

"இங்க நில்லுங்க" என்றார்.

சீறல்கள் ஒவ்வொன்றாக நெருங்கி வந்தன. கடைசிச் சீறல் அவர்களுடைய தோளுக்கருகே ஒலித்தது. சுவரில் மாட்டியிருந்த குழாய் ஒருமுறை விறைத்து அடங்கியது.

மாசிலாமணியின் கண்கள் தரையிலிருந்து மெல்ல மேலே சென்றன; ஓரிடத்தில் நின்றன; மெல்லக் கீழே இறங்கின. அவர் பார்வை போன திசையில் சவரிராயனும் பார்த்தார். வாளி தரையில் கிடந்தது. அதன் மேல் படிந்திருந்த கல்தூள்கூடக் கலையவில்லை.

"எவ்வளவு உசரம்?"

"ஒரு சாண்."

"மெதுவாவா?"

"மெதுவாத்தான். அன்னைக்குத்தான் வேகம்."

சொல்லியபின் மாசிலாமணியின் வாய் மூடிக்கொண்டது. முப்பதடி தள்ளி நின்றவர், ஒன்றும் பார்க்காதவர், வாளியின் வேகத்தைச் சொல்லிவிட்டார்.

சவரிராயன் சுவரை நோக்கி நடந்தார். குழாயை எடுத்து வந்து எந்திரத்தில் மாட்டினார். திருகை இறுக்கினார். படியில் ஏறி நின்றார்.

"தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. கல் தெறிக்கும்."

அன்று முழுவதும் அவர் கல் வாரினார். எட்டு மணி நேரம் மாசிலாமணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சவரிராயன் ஒவ்வொரு முறை ஏறும்போதும், கைப்பிடியைத் தொடுவதற்கு முன், ஒரு கணம் தலையைச் சாய்த்து நின்றார். யாரோ எதையோ சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருப்பவரைப் போல. அந்த அசைவின் பொருள் மாசிலாமணிக்குப் புரியவில்லை.

"எனக்கு எப்ப மேஸ்திரி ஏறக் கத்துக் கொடுப்பீங்க?" என்று மாலையில் கேட்டார்.

"ஏறுறதுக்கு எதுக்குக் கத்துக்கணும்? உங்களுக்கு ஏறத் தெரியும்" என்றார் சவரிராயன்.



*

அந்த வார இறுதியில் லோடரை வெளியே இழுத்துச் சென்றார்கள். சக்கரங்களின் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும் என்றார் சவரிராயன். பட்டறை முற்றத்தில் அதைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார்கள். சங்கிலியைக் கழுவித் தரையில் நீட்டினார்கள். வாளியைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்கள்.

மறுநாள் காலை, சவரிராயன் மாசிலாமணியை உள்ளே அழைத்துச் சென்றார். மற்றவர்களுக்கு அன்று வெளியே வேலை. சுரங்கத்தின் முடிவில் இருவர் மட்டும் நின்றார்கள்.

விளக்கு வெளிச்சத்தில் தண்டவாளங்கள் பாறைவரை ஓடி வெறுமையாக முடிந்தன. கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு விழுந்தது.

"இங்க எதுக்கு மேஸ்திரி வந்தோம்? இங்கதான் ஒண்ணுமே இல்லையே."

"ஆமா. ஒண்ணும் இல்ல" என்றார் சவரிராயன்.

தொலைவில் முதல் சீறல் எழுந்தது.

மாசிலாமணி வாயிலை நோக்கித் திரும்பினார். சீறல் நெருங்கியது. அவர் அதை எண்ண முயன்றார்; எண்ணிக்கை தவறியது. இருபதடித் தொலைவில் ஒன்று. பத்தடித் தொலைவில் ஒன்று. பிறகு அது அவர்களைக் கடந்தது.

அவருக்கு முதுகுப்புறம், வெறும் தண்டவாளத்தின் மேல், சங்கிலி இறுகும் ஓசை கேட்டது.

அவர் திரும்பவில்லை. வாளி ஏறும் உரசல் கேட்டது. இம்முறை அது ஒரு சாணில் நிற்கவில்லை. மேலே போனது. பிறகு, அன்று கேட்ட அதே மொத்தென்ற ஓசை. அதன்பின், அன்று போலவே, ஓசையே இல்லை.

மாசிலாமணி தம் வலக்கையைப் பார்த்தார். விரல்கள் எதையோ பற்றியிருப்பதுபோல் மடங்கியிருந்தன. உள்ளங்கை இரும்பைத் தொட்டதுபோல் குளிர்ந்திருந்தது. இடக்கையால் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். அவை எளிதில் பிரியவில்லை.

"மேஸ்திரி" என்றார். "அன்னைக்கு நான்தான்..."

சவரிராயன் கையை உயர்த்தினார்.

"எங்கிட்ட வேணாம்."

"உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்ல?"

"நான் அவரைப் பார்த்ததுகூட இல்ல, அண்ணாச்சி. அவர் பேரைக் கெடுத்துப் பேசுனவனும் இல்ல. நான் கேட்டு என்ன ஆகப்போகுது?"

சவரிராயன் வாயில் பக்கம் கையைக் காட்டினார்.

"வெளியே போக வழி ஒண்ணுதான். விளக்கை நீங்களே கொண்டுபோங்க. நான் இங்க இருக்கேன்."

"இருட்டுலயா?"

"இருட்டுலதான்."

மாசிலாமணி விளக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். ஆயிரத்து இருநூறு மீட்டர். பாதி வழியில் ஒன்றைக் கவனித்தார். அவருக்குப் பின்னால் ஓர் இணைப்பு சீறியது. அவர் பத்தடி நடந்தார். அடுத்த இணைப்பு சீறியது. நின்றார். சீறலும் நின்றது. காற்று எப்போதும் வெளியிலிருந்து உள்ளேதான் வரும். உள்ளிருந்து வெளியே போவதில்லை. அது அவருக்குத் தெரியும். அவர் நடந்தார். அதுவும் நடந்தது. அவர் ஓடவில்லை. ஓடினால் அதுவும் ஓடும் என்று தோன்றியது.

*

தையல்நாயகி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கோட்டைச்சாமி தேநீர்க் குவளையுடன் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றார். பகல் வெளிச்சம் மாசிலாமணியின் கண்களைக் கூசச் செய்தது. அவர் எரியும் விளக்கை அணைக்காமலே வந்து அவள் முன்னால் நின்றார்.

அவள் நிமிரவில்லை. காலடி ஓசையை வைத்தே கேட்டாள்.

"கைப்பிடி நடுவுல இருக்கா?"

"இல்ல தாயி."

அவள் கை நீருக்குள் நின்றது. அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு விடை இதுவரை வந்ததில்லை. நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு அவுக நடுவுல வெச்சிட்டுத்தான் எறங்குனாக. நான் பார்த்தேன். அவுக எறங்குனதும் நான் ஏறுனேன். காத்து இல்லையேன்னு மேலே இழுத்துப் பார்த்தேன். அப்படியே விட்டுட்டு எறங்கிட்டேன்."

கோட்டைச்சாமியின் குவளை சாய்ந்து தேநீர் அவர் காலில் கொட்டியது. அவர் அதை உணரவில்லை.

தையல்நாயகி நீரிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"எதுக்கு ஏறுனீங்க?"

"எப்படி இருக்கும்னு பார்க்க."

"எப்படி இருந்துச்சு?"

மாசிலாமணி பொய் சொல்ல நினைத்தார். முடியவில்லை.

"நல்லா இருந்துச்சு. கைக்குச் சில்லுனு இருந்துச்சு."

அவள் பானையைத் தரையில் வைத்தாள். கோட்டைச்சாமியின் பக்கம் திரும்பினாள்.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"போ. ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொல்லு. எம் புருஷன் நடுவுல வெச்சாரு. ஆபீசுல எழுதுனவர்கிட்ட முதல்ல சொல்லு."

கோட்டைச்சாமி போனார். போகும்போது ஓடினார்.

"இனிமே என் கையால நீங்க சாப்பிட வேணாம்" என்றாள் மாசிலாமணியிடம்.

"சரி தாயி."

"தாயின்னும் கூப்பிட வேணாம்."

அவர் தலையசைத்தார். அவள் பானையை எடுத்து மீண்டும் அரிசி களையத் தொடங்கினாள். களைந்த நீர் தெளிந்த பிறகும் அவள் களைந்துகொண்டே இருந்தாள்.

அன்று மாலை ஆட்கள் தட்டுடன் வரிசையில் நின்றார்கள். கேள்வி வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே போனாள். நான்காவதாக நின்ற ஒருவர், யாரும் கேட்காமலே, "இருக்கு" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள்.

*

பொறியாளர் பழைய அறிக்கையை வரவழைத்து, புதிதாக இரண்டு பக்கங்கள் எழுதினார். மாசிலாமணி கையொப்பமிட்டார். காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து எழுதிக்கொண்டு போனார். மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை சுரங்கத்துக்குள் கால் வைக்கக் கூடாது, ஊருக்கும் போகக் கூடாது என்று உத்தரவாயிற்று.

மாசிலாமணி கம்ப்ரசருக்குப் பக்கத்தில், தகரச் சார்ப்பின் கீழ் தங்கினார். மூன்று கல் வைத்துத் தாமே கஞ்சி காய்ச்சினார். ஆட்கள் அவரைக் கடந்து போனார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோட்டைச்சாமி ஒருநாள் அரைப் பொட்டலம் பீடியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, எதுவும் பேசாமல் போனார். கோட்டைச்சாமி பேசாமல் போனதை ஆட்கள் அதுவரை பார்த்ததில்லை.

சொல்லிவிட்டால் அந்த ஓசை ஓய்ந்துவிடும் என்று மாசிலாமணி எண்ணியிருந்தார்.

ஓயவில்லை. காலைதோறும் பக்கத்தில் கம்ப்ரசர் உறுமித் தொடங்கும். குழாய் திறக்கும். சீறல் மலைக்குள் நடந்து போகும். சிறிது நேரம் கழித்து, மலையின் உள்ளே மிகத் தொலைவிலிருந்து, சங்கிலி இறுகும் ஓசை வரும். அவர் தலையைத் திருப்பிப் பட்டறை முற்றத்தைப் பார்ப்பார். சங்கிலி அங்கே, அவர் கண்ணெதிரே, வெயிலில் நீண்டு கிடக்கும். வாளி குப்புறக் கிடக்கும். அதன்மேல் ஒரு காகம் உட்கார்ந்திருக்கும். மலைக்குள் வாளி ஏறும்.

ஒன்பதாம் நாள் சவரிராயன் வந்தார். லோடரை அன்று மீண்டும் பூட்டி உள்ளே கொண்டுபோகப் போகிறார்கள். அவர் கைகளில் கிரீஸ் அப்பியிருந்தது. பழந்துணியில் மண்ணெண்ணெயை நனைத்து விரல்களைத் துடைத்தபடி, மாசிலாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன் மேஸ்திரி."

"ம்."

"எழுதியும் கொடுத்துட்டேன். உள்ளே போடுவாங்கன்னா போகவும் தயார்."

"ம்."

"இன்னும் கேக்குது."

சவரிராயன் கட்டைவிரலைத் துடைத்தார்.

"உங்களுக்குக் கேக்கலையா மேஸ்திரி?"

"இது கேக்கல."

சற்று நேரம் சென்ற பிறகே மாசிலாமணிக்கு அந்தச் சொல் உறைத்தது.

"இதுன்னா? அப்ப வேற எதுவும் கேக்குமா?"

சவரிராயன் துணியை மடித்தார்.

"தங்கச் சுரங்கத்துல நான் சேர்ந்த ரெண்டாவது வருஷம். ஆளுங்களைக் கூண்டுல எறக்குவோம். மேலே இருக்கிறவருக்கு மணிதான் கணக்கு. நிறுத்த ரெண்டு தட்டணும், எறக்க மூணு. நான் யார்கூடவோ பேசிக்கிட்டே மூணு தட்டிட்டேன்."

மாசிலாமணி காத்திருந்தார். சவரிராயன் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"அன்னைக்கே சொன்னேன். கூண்டுல செத்த நாலு பேர் வீட்டுலயும் போய்ச் சொன்னேன்."

"அப்புறமுமா கேக்குது?"

"எந்திரத்துல ஏறிக் கைப்பிடியைத் தொடுறதுக்கு முன்னாடி கேக்கும். மூணாவது தட்டு. ஒவ்வொரு தரமும்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்திரண்டு."

பக்கத்தில் கம்ப்ரசர் உறுமியது. யாரோ குழாயைத் திறந்தார்கள். முதல் இணைப்பு சீறியது. சீறல் வாயிலைத் தாண்டி இருட்டுக்குள் நடந்தது. மாசிலாமணியின் தோள்கள் குறுகின. உள்ளே சங்கிலி இறுகியிருக்க வேண்டும். மொத்தென்ற ஓசை வரும்வரை அவர் மூச்சை அடக்கியிருந்தார். பிறகு மெல்ல விட்டார்.

"எப்ப மேஸ்திரி நிக்கும்?"

சவரிராயன் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"நின்னுபோச்சுன்னு என்னைக்காவது நான் வந்து சொன்னா, அன்னைக்கு என்னை லோடர்ல ஏற விடாதீங்க, அண்ணாச்சி."